கடுக்காய் மையில் வரைந்த சுனை

நாம் கூடும்போதெல்லாம் உங்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறீர்கள். "டீச்சர், கலரே இல்லாம வெறும் கறுப்புக் கோட்டுல இப்படி வரைய யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" நான் சிரித்துவிட்டு டீயைக் குடிப்பேன். எத்தனையோ வருஷம் ஒரே ஆசிரியர் அறையில் ஒருவர் டிபன் பாக்ஸில் இன்னொருவர் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள் நாம். எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டது. இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். கேட்டபிறகு அடுத்த தடவை என் பக்கத்து நாற்காலியில் உட்காருவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பதினோரு வயது. ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் மொத்தமே இருபது வீடு. பஸ் ஏற வேண்டுமென்றால் காலையில் கிளம்பி உச்சிவெயில் வரை நடக்க வேண்டும். சாமையும் கேழ்வரகும் விதைப்போம். தை மாதம் கடுக்காய் பொறுக்குவோம். மாசி, பங்குனியில் புளி. அந்தப் பக்கத்துப் புளியமரம் முழுவதையும் மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கும் கீழ்நாட்டுக்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஊர் அவரை மொதலாளி என்று சொல்லும். ஊருக்கு மேலே ஒரு மேட்டில், வெள்ளைக்காரன் காலத்து ஓட்டுப் பங்களா ஒன்றை வாங்கிச் சரிசெய்து, கோடை முழுக்க அங்கே வந்து தங்குவார்.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அத்தை. அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமான நாலாம் வருஷம் புருஷன் செத்துப்போக, தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவள். பங்களாவில் பெருக்கித் துடைத்து, மசாலா அரைத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. புளி உலுக்கும் நாட்களில் அப்பாவும் அம்மாவும் விடிகாலையிலேயே காட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதால் என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போவாள்.

அந்தப் பங்களாவின் வாசனை இன்னும் எனக்கு மறக்கவில்லை. பினாயில், சுருட்டு, பின்கட்டில் மலைபோலக் குவிந்திருக்கும் புளியின் புளிப்பு. கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு படம். ஒரு மலைச்சரிவு, ஒரு பெரிய மரம், அதன் கீழே நாலைந்து மாடுகள், ஒரு நாய். ஒரு நிறமும் கிடையாது. கிட்டே போய்ப் பார்த்தால் மாடும் தெரியாது, மரமும் தெரியாது. தலைமயிர் போல மெல்லிய கோடுகள்தான் தெரியும். நாலடி பின்னால் வந்தால் மாட்டின் முதுகில் வெயில் விழுந்திருக்கும். நான் முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக இருந்தேன். அத்தை வேலையை முடிக்கும் வரைக்கும் அதுதான் எனக்கு விளையாட்டு.

ஒருநாள் பின்பக்கத்துச் சிமெண்டுத் தரையில் அடுப்புக்கரியால் எங்கள் ஆட்டை அப்படியே கோடு கோடாகப் போட்டுவிட்டேன். அத்தை பார்த்ததும் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். சத்தம் கேட்டுக் குத்தகைக்காரர் வந்தார்.

"யாருது இந்தப் பொண்ணு?"

"எந்தம்பி பொண்ணுங்க. தெரியாம பண்ணிட்டா. இதோ கழுவிவுட்டுர்றேங்க."

"கழுவாத."

அவர் குனிந்து ரொம்ப நேரம் ஆட்டைப் பார்த்தார். பிறகு என்னைக் கூடத்துக்குக் கூட்டிப்போய் அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்தினார். "இது பேனாவுல வரைஞ்சது கெடையாது. செம்புத் தகட்டுல ஊசியால கீறி, கீறுன எடத்துல மைய ஏத்தி, காயிதத்த வெச்சு அழுத்தி எடுக்கறது. அது உனக்கு வராது. ஆனா பார்த்தா இதே மாரி இருக்கணும். கையால போடு. மாடு நாயெல்லாம் வேணாம். நம்ம மலையப் போடு. இந்த மலையில இருக்கற மிருகம் அத்தினியும் அதுல இருக்கணும். செய்வியா?"

நான் தலையாட்டினேன். பதினோரு வயது வரை யாரும் என்னை எதுவும் "செய்வியா" என்று கேட்டதில்லை. செய் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

துண்டு அகலத்துக்குத் தடித்த வெள்ளைக் காகிதம் ஒன்றைப் பலகையில் ஒட்டிக் கொடுத்தார். அவருடைய பேனா மையில் போட்டுப் பார்த்தேன். ஊதாவாக ஊறிப் பரவியது. அத்தைதான் வழி கண்டுபிடித்தாள். கடுக்காய்த் தோலை இடித்து இரும்புச் சட்டியில் ஊறப்போட்டு, துருப்பிடித்த ஆணிகளை அதில் போட்டாள். இரண்டு நாளில் தண்ணீர் கன்னங்கரேலென்று ஆனது. அதைச் சுண்டக் காய்ச்சி, மரப்பிசினைக் கரைத்து விட்டாள். கோடு போட்டால் போட்ட இடத்தில் அப்படியே நின்றது. எழுதுகோலுக்கு மாமா ஒரு கைப்பிடி முள்ளம்பன்றி முள் கொண்டுவந்து கொடுத்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. தேன் எடுப்பதிலும் காட்டில் தடம் பார்ப்பதிலும் ஊரில் அவருக்கு நிகர் இல்லை. முள்ளின் நுனியைக் கல்லில் தேய்த்துக் கூராக்கிக்கொள்வேன். தொட்டால் மயிரிழை அகலத்துக்குத்தான் மை இறங்கும்.

மாசி பாதியிலிருந்து தினமும் வரைந்தேன். தேய்த்து நிழல் போடக்கூடாது என்பதை அந்த மாட்டுப் படமே எனக்குக் காட்டியது. இருட்டு வேண்டுமென்றால் கோட்டை நெருக்கிப் போட வேண்டும். இன்னும் இருட்டு வேண்டுமென்றால் அதன்மேல் குறுக்கே இன்னொரு வரிசை. வெளிச்சம் வேண்டிய இடத்தில் கையை வைக்கவே கூடாது. பாறைக்குப் படுக்கைக் கோடு. புல்லுக்குக் குத்துக் கோடு. கரடிக்குத்தான் மூன்று நாள் ஆனது. அத்தனை மயிர். புள்ளிமானுக்கு உடம்பெல்லாம் கோடு போட்டு, புள்ளிகளை மட்டும் வெறும் காகிதமாக விட்டேன். தவறினால் அழிக்க முடியாது. தவறிய ஒரு கோடு மயிலின் வாலானது. இன்னொன்று காட்டுப்பன்றியின் பிடரி. முள் பிடித்த விரல் மரத்துப்போகும். அத்தை அரைத்துக்கொண்டிருக்கும் மசாலாக் கையோடு வந்து எட்டிப் பார்த்து, "அடி சண்டாளி, கரடி மூச்சு வுடுதுடி" என்பாள்.

அப்பாவுக்கு ஒரே பெருமை. புளியந்தோப்பில் எல்லாரிடமும், "எம்பொண்ணு மொதலாளி வூட்டுல உக்காந்து வேல செய்றா, நெழல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். எதற்காக என்னை அங்கே உட்காரவைத்திருக்கிறார்கள் என்று அப்பா யோசிக்கவே இல்லை.

படத்தின் நடுவில் ஓர் இடம் மட்டும் எனக்கு வரவில்லை. மான் கூட்டம் தண்ணீர் குடிக்க வேண்டும். நிற்கும் மானைப் பார்த்திருக்கிறேன், ஓடும் மானைப் பார்த்திருக்கிறேன். குடிக்கும் மானைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. மாமாவிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, மறுநாள் காலையில் என்னைக் கூட்டிப்போனார்.

எங்கள் ஊருக்கு ஒரு சுனை உண்டு. சாமிச்சுனை என்பார்கள். எந்தக் கோடையிலும் வற்றாது. மற்ற ஓடைகள் எல்லாம் காய்ந்தபிறகு காட்டில் உள்ளதெல்லாம் அங்கேதான் வரும். அங்கே கண்ணி வைக்கக் கூடாது, கத்தி எடுக்கக் கூடாது. ஊரைத் தவிர வேறு ஆளுக்கு இடத்தைச் சொல்லக் கூடாது. ஊற்றுக்கண்ணை அடைக்கும் சருகையும் சேற்றையும் வாரிவிட்டு வருவது ஊர் மாமாவுக்குக் கொடுத்திருந்த வேலை. பாறை இடுக்கில் என்னைப் படுக்கவைத்து, என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினார். "எவன் கேட்டாலும் சொல்லக் கூடாது. சாமி கண்ண அவிச்சுடும், தெரிஞ்சுக்க."

மான்கள் வந்தன. முன்னங்காலை அகட்டி, கழுத்தை இறக்கிக் குடித்தன. காது மட்டும் திரும்பிக்கொண்டே இருந்தது. மாமாவின் வியர்வை நாற்றமும் பாறையின் சூடும் என் கன்னத்தில். நான் மூச்சுக்கூட விடாமல் பார்த்தேன்.

அடுத்த இரண்டு வாரத்தில் அதை வரைந்தேன். இரண்டு பாறைகள் சாய்ந்து ஒன்றின்மேல் ஒன்று முட்டி நிற்கும். மேலே ஓர் ஆலம்விழுது. நடுவில் சுனை. தண்ணீருக்கு ஒரு கோடுகூடப் போடவில்லை. காகிதத்தின் வெள்ளையே தண்ணீர்.

அதை முடித்த அன்று மாலை குத்தகைக்காரர் சுருட்டோடு வந்து நின்றார். சுனையை விரலால் சுட்டினார்.

"மத்ததெல்லாம் சரி. இது கதை."

"கதை இல்லீங்க."

"மான் இப்பிடிக் காலை விரிச்சுக்கினா குடிக்கும்? மாடு மாரிதான் குடிக்கும். பார்க்காததப் போடக் கூடாது பாப்பா. படமே கெட்டுப்போச்சு."

என் காது சுட்டது. கரடியைப் பொய் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

"நான் பார்த்தேன்!"

"எங்க பார்த்த? இந்தப் பக்கத்துல இவ்ளோ தண்ணி ஏது? பொய்யி."

மூலையில் பெருக்கிக்கொண்டிருந்த அத்தை துடைப்பத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "வாய மூடுடி" என்றாள். என் பெயரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டாள். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். பங்களாவுக்குப் பின்னால் கடுக்காய்க் காட்டைத் தாண்டி, எரிந்த வேங்கை மரத்திலிருந்து இடது கைப்பக்கம் இறங்கினால் சாய்ந்த பாறை என்று, மூச்சுவிடாமல், வழி முழுவதையும்.

குத்தகைக்காரர் சிரித்தார். "அப்போ நெசந்தான். நல்லாத்தான் போட்டிருக்க" என்று சொல்லி டின்னைத் திறந்து இரண்டு கிரீம் பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். நான் ஒன்றைத் தின்றேன். அத்தைக்கு ஒன்றை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. வீட்டுக்குக் கிட்டே வந்ததும், "உங்கப்பன்கிட்டயோ மாமன்கிட்டயோ நீயே சொல்லிடு. எடத்தச் சொல்லிட்டேன்னு சொல்லு. மாமன் எதுனா பண்ணுவான்" என்றாள். சரி என்றேன். சொல்லவில்லை. மாமா திட்டுவார் என்று பயம். நான் சொல்லியிருப்பேன் என்று அத்தை நம்பிவிட்டாள்.

சித்திரையில் ஒரு மத்தியானம் ஜீப்பில் நாலு பேர் வந்தார்கள். குத்தகைக்காரரின் சிநேகிதர்கள். தொப்பி, பூட்ஸ், துப்பாக்கி. படத்துக்கு முன்னால் நின்று ஆளாளுக்கு என்னைப் பாராட்டினார்கள். ஒருவர் என் கன்னத்தைக் கிள்ளினார். "மேப் மாதிரியே இருக்குதே" என்றார் இன்னொருவர். அந்த வார்த்தை எனக்கு அப்போது புரியவில்லை. வெயில் தாழ்ந்ததும் நடந்து போனார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் வெடிச்சத்தம் கேட்டது. முதலில் ஒன்று. பிறகு விட்டுவிட்டு நிறைய. அம்மா புளி உடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு எழுந்தாள். "உந்தம்பி எங்க?" என்றார் அப்பா. அம்மா ஓடினாள்.

மாமா அன்று சுனை தூர் வாரப் போயிருந்தார். பழுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஊற்றுக்கண்ணில் குனிந்து சேறு அள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். பன்றி என்று நினைத்துவிட்டார்களாம். வயிற்றில் குண்டு. அவர்கள் அவரைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, சுட்டுப்போட்ட மான்களைப் பங்களாவுக்குத் தூக்கிவரச் செய்து ஜீப்பில் ஏற்றினார்கள். மூன்று மான். ஒன்று சினையாக இருந்தது. ஜீப்பில் இடம் இருந்தது. அதில் மாமாவை ஏற்றியிருந்தால் இரண்டு மணி நேரத்தில் கீழே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஊரைத் தாண்டும்போது ஜீப்பை நிறுத்தி, பங்களாவுக்குக் கீழ்நாட்டிலிருந்து வந்திருந்த காவல்காரர் இறங்கி, "யாரோ ஒருத்தன் சுனையாண்ட வுழுந்து கெடக்கறான், போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். ஜீப்பின் பின்பக்கத்துப் பலகை வழியாக ரத்தம் சொட்டிக்கொண்டே போனது. நாய்கள் அதை நக்கிக்கொண்டே ஓடின. நான் பார்த்தேன்.

அப்பாவும் இன்னும் நாலு பேரும் கம்பளியைக் கம்பில் தூளி போலக் கட்டி, மாமாவை அதில் போட்டு, ஒற்றையடிப் பாதையில் கீழே இறக்கினார்கள். அம்மா கூடவே போனாள். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டிருக்கிறார். வயிற்றில் குண்டுபட்டவனுக்குத் தண்ணீர் தரக்கூடாது என்று யாரோ சொல்ல, கொடுக்கவில்லை. மலையடிவாரத்துப் படவேட்டுக் கரும்புத் தோட்டங்கள் கண்ணுக்குத் தெரிகிற திருப்பத்தில் உயிர் போய்விட்டது. கொடுத்திருக்கலாம் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

போலீஸ்காரர்கள் வந்து, பாறையிலிருந்து தவறி விழுந்ததாகக் காகிதத்தில் எழுதினார்கள். வாசித்துக் காட்டாமலேயே கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். குத்தகைக்காரரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க முடியாது. ஊரில் பாதிப் பேர் அவருடைய மரத்தில்தான் புளி உலுக்கினார்கள்.

அவரைக் கேட்க முடியாதபோது வேறு யாரையாவது கேட்க வேண்டும். எட்டாம் நாள் கோயில் முன்னால் ஊர் கூடியது. சுனையைக் காட்டிக் கொடுத்தது யார்? ஊரில் பங்களாவுக்குப் போய்வந்தவர்கள் இரண்டே பேர். அத்தையை நடுவில் நிறுத்தினார்கள்.

"நீ சொன்னியா?" என்றார் ஊருக்குத் தலைவரான ஊர்க் கவுண்டர்.

"நான் சொல்லலீங்க. இந்தப் பொண்ணுதான் சொல்லிச்சு. படத்துலயும் போட்டுச்சு, வாயாலயும் வழி சொல்லிச்சு. நான் வாய மூடுன்னு சொன்னேன். அது கேக்கல." அத்தை அழவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

கூட்டத்தில் சலசலப்பு. "சின்னப் புள்ள மேல பழி போடறா பாரு" என்றாள் ஒருத்தி. ஊர்க் கவுண்டர் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பயப்படாத பாப்பா. நீ சொன்னியா?" என்றார்.

அம்மா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு தரையில் கிடந்தாள். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விவரம் தெரியாத வயதில் உளறிவிட்டேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அப்படி இல்லை. விவரம் தெரிந்துதான் சொன்னேன்.

"இல்லீங்க. அத்தைதான் சொன்னாங்க. மொதலாளி பிஸ்கட் குடுத்தாரு, வாங்கிக்கினாங்க."

பிஸ்கட்டை ஏன் சேர்த்தேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். அது ஒன்றுதான் எல்லாரையும் நம்பவைத்தது. இவ்வளவு சின்ன விஷயத்தை ஒரு குழந்தை கட்டிச் சொல்லுமா என்று நினைத்திருப்பார்கள்.

அத்தை என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா எழுந்துபோய் அவளைச் செவிட்டில் அறைந்தார். மூத்தவளைக் கை நீட்டி அடித்தது அதுதான் முதல் தடவை. தண்ணீர் கிடையாது, நெருப்பு கிடையாது, பேச்சு கிடையாது என்று ஊர் சொல்லிவிட்டது. அப்பா வீட்டுக்குள் போய் அவளுடைய இரண்டு சேலையையும், கூடையையும், மை காய்ச்சிய அந்த இரும்புச் சட்டியையும் வாசலில் எறிந்தார். சேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவள் நடந்தாள். என்னைத் தாண்டும்போது நின்று என் காலடியில் காறித் துப்பினாள். "பாரு, புள்ள மேலயே துப்பறா" என்று ஊர் மண்ணை வாரி அவள்மேல் இறைத்தது. நானும் ஒரு கை அள்ளினேன். எறிந்தேனா இல்லையா என்பது நினைவில்லை. அள்ளியது நினைவிருக்கிறது.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். வைகாசியில் குத்தகைக்காரர் ஆள் அனுப்பினார். படத்தில் வலது கீழ்மூலை வெறுமையாக இருக்கிறது, வந்து முடித்துக் கொடு என்று. அப்பாவே என்னைக் கொண்டுபோய் விட்டார். மூலையில் அவரைத் துப்பாக்கியோடு நிற்கிற மாதிரி போட வேண்டுமாம். கூடத்தில் அசையாமல் நின்று காட்டினார். நான் போட்டேன். மூன்று நாள். தொப்பியின் நிழல் முகத்தில் விழுகிற இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக மூன்று வரிசைக் கோடு இறக்கி, கண்ணை மட்டும் ஒரு பொட்டு வெள்ளையாக விட்டேன். இன்று வரை நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். அப்போதும் அது எனக்குத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது.

அவர் மனம் குளிர்ந்துபோய், இரும்பு முனை வைத்த பேனாக்கள் ஒரு பெட்டியும், கறுப்பு மைப் புட்டிகளும் கொடுத்தார். கீழே விடுதியோடு இருந்த பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சொல்லி இடமும் வாங்கிக் கொடுத்தார். அங்கிருந்து ஓவிய ஆசிரியர் பயிற்சி. அதற்கப்புறம் கலசப்பாக்கத்தில் வேலை. மீதி உங்களுக்குத் தெரியும்.

அத்தை படவேட்டுப் பக்கம் ஒரு வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் இருப்பதாக, வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் கேள்விப்பட்டேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. ஒரு சனிக்கிழமை போனேன். கரும்புச் சக்கையை அடுப்பில் தள்ளிக்கொண்டிருந்தாள். முன்பல் இல்லை. கைகளெல்லாம் பாகு தெறித்த வடு. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"உங்கப்பன் நல்லாக்கீறானா?"

"இருக்காரு அத்தே."

"நெஞ்சுவலின்னாங்களே?"

"இப்ப பரவால்ல." பிறகு நான் ஆரம்பித்தேன். "அத்தே, அன்னிக்குக் கோயிலாண்ட நான்..."

"ஏய்." தள்ளுகோலை நிறுத்தாமலே சொன்னாள். "இன்னாத்துக்கு எங்கிட்ட சொல்ற? எனக்குத் தெரியாததா? ஊர்ல போய் சொல்லு. சொல்லிட்டு வா. அப்போ உக்காந்து பேசலாம். இப்ப பாகு முறுகிடும், போ."

அன்றே மலை ஏறினேன். ஊர்க் கவுண்டர் வீட்டுக்குப் போகத்தான் கிளம்பினேன். கால் எங்கள் வீட்டுக்குப் போனது. அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். உள்ளே அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே அப்பாவிடம் சொன்னேன். சுனையைச் சொன்னது நான்தான், அத்தை இல்லை, ஊரைக் கூட்டுங்கள், நானே சொல்கிறேன் என்று.

அப்பா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"கூட்டத்துக்கு மொத நாளே மொதலாளி சொன்னாரு. 'உம்பொண்ணு கெட்டிக்காரி, எடத்தப் புட்டுப்புட்டு வெச்சுட்டா'ன்னு."

"அப்புறம் ஏம்பா அத்தைய அடிச்ச?"

"வேற இன்னா பண்ணச் சொல்ற? நீ கட்டிக்குடுக்க வேண்டிய பொண்ணு. உம்மேல பழி வந்தா உன்ன எவன் கட்டுவான்? அவ தாலி அறுத்தவ. அவளுக்குப் போறதுக்கு இன்னா இருந்துச்சு?" இருமினார். "நீயும் சரியாத்தான் சொன்ன அன்னிக்கு. எம்பொண்ணாச்சே."

உள்ளே களி கிண்டும் துடுப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது. அம்மாவை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம். செத்தவர் அவளுடைய தம்பி. ஒவ்வொரு வருஷமும் அவர் இறந்த நாளில் கீழ்நாட்டுப் பக்கம் திரும்பி மண்ணைத் தூற்றி, "மண்ணாப் போவா, புழுத்துப் போவா" என்று அத்தையைச் சபித்துக்கொண்டிருந்தவள். வாசல்படிக்கு வந்து நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். களி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. "வந்து துண்ணுங்க" என்றாள். தின்றோம்.

விடியும் முன்பே அவள் கிளம்பிவிட்டாள். சேலைத் தலைப்பில் இரண்டு படி சாமையைக் கட்டிக்கொண்டு, தம்பியை இறக்கிய அதே பாதையில் தனியாக. மறுநாள் பொழுது சாயத் திரும்பி வந்தாள். "உங்க அத்தையக் கூப்ட்டேன். வரமாட்டேன்னுட்டா" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு அறுப்புக்கும் சாமை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஊர் கூடவில்லை. நானும் கூட்டச் சொல்லி மறுபடி கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள்.

என் பெண் பிறந்தபோது அம்மா வந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டினாள், சாம்பிராணி காட்டினாள், சாயங்காலமே போய்விட்டாள். அவள் எப்போது வந்தாலும், நான் பேனாவை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சில வருஷம் கழித்து, ஒரு காலை நேரம், பள்ளிக்கூட வாசலுக்கு அம்மா வந்து நின்றாள். வாட்ச்மேன் வந்து சொல்ல, வெளியே போனேன். புழுதிக் காலோடு, கையில் ஒரு மஞ்சள் பை.

"உங்க அத்த போய்ட்டா. நேத்து ராத்திரி, நான் சாமை குடுக்கப் போயிருந்தப்ப. தூக்கறதுக்கு சொந்தம்னு ஆளு இல்ல. வர்றியா?"

அன்று வட்டார அளவில் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி. எங்கள் பள்ளியில்தான். நான்தான் நடுவர். உங்களில் இரண்டு பேர் அன்று என்னோடு இருந்தீர்கள். வாசலில் யார் என்று கேட்டீர்கள். ஊர்க்காரங்க என்றேன்.

"இன்னிக்கு முடியாதும்மா. நாளைக்கு வர்றேன்."

"நாளைக்கு அங்க இன்னா இருக்கும்?" என்றாள் அம்மா. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். வகுப்பறை முழுக்க மெழுகுக் கலர் வாசனை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அத்தனை படத்துக்கும் மார்க் போட்டு முடித்துவிட்டேன்.